வியர்க்காத முதுகு

ஆர்வோவின் முதுகு வியர்க்கவில்லை.

கையால் தொட்ட பிறகுதான் சைமாவுக்கு அது உறைத்தது. சனிக்கிழமை சாயங்காலம், வழக்கமான சவுனா, அதாவது நீராவிக் குளியல். பிர்ச் மரத்து இலைக்கட்டை வாளியில் நனைத்துக் கணவனின் தோளில் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டத் தட்ட இலைகள் உதிர்ந்து முதுகில் ஒட்டிக்கொள்ளும், அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவாள், கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். அன்றைக்கு ஓர் இலையும் ஒட்டவில்லை. மேசையிலிருந்து நழுவுவது போல நழுவிப் பெஞ்சில் விழுந்தன. அடுப்பின் மேல் குவித்திருந்த கற்கள் சூட்டில் டிக் டிக்கென்று முனக, தேவதாருப் பலகைகள் பிசின் வாசனையைக் கக்க, ஈர இலையும் விறகுப் புகையும் கலந்த அந்தப் பழகிய மணம் நெஞ்சு வரை இறங்க, சைமாவுக்கு மூக்கு நுனியிலும் முழங்கையிலும் வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. அவளைவிட உயரமான படியில், அவளைவிட அதிகச் சூட்டில் உட்கார்ந்திருந்த மனிதனின் முதுகோ இஸ்திரி போட்ட துணி மாதிரி உலர்ந்திருந்தது.

"உனக்கு வேர்க்கவே இல்லையே," என்றாள்.

"காஞ்ச விறகுக்கு எங்க வேர்க்கும்? பேசாம கல்லு மேல இன்னொரு கரண்டி தண்ணி ஊத்து, கிழவி."

ஊற்றினாள். கற்கள் சீறின. ஆவி எழுந்து கூரையைத் தொட்டு, இரண்டு பேர் மேலும் கம்பளி போலக் கவிந்தது. சீறல் அடங்கிய பிறகும் சன்னமாக ஓர் ஓசை மிச்சம் இருந்தது. தட்டில் சர்க்கரையைச் சரித்தால் கேட்குமே, அந்த ஓசை. கற்களிலிருந்து அது வரவில்லை. சைமா தலையைத் திருப்புவதற்குள் ஆர்வோ வேறு பேச்சை எடுத்துவிட்டான், அவளும் அதில் சேர்ந்து சிரித்துவிட்டாள். அந்த மாதங்களில் அவர்கள் வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை.

பின்னே, சிரிக்காமல் என்ன செய்வார்கள்? போன கோடையில் ஆர்வோ கோஸ்கி செத்துக்கொண்டிருந்தான். வாழ்நாளெல்லாம் பள்ளிக்கூட பஸ்களுக்கு அடியில் படுத்துப் பழுது பார்த்தவன், ஒருநாள் இருமிய கைக்குட்டையை மடித்துப் பாக்கெட்டில் ஒளித்தான். நுரையீரலில் கட்டி. முதல் பனி விழும்வரை தாங்கினால் பெரிய விஷயம் என்று சொல்லிவிட்டார்கள். மிச்சிகனின் வடகோடியில், சுப்பீரியர் ஏரிக்கரையில், முதல் பனி எவ்வளவு சீக்கிரம் விழும் என்று சைமாவுக்குத் தெரியாதா? அந்த வருஷம் இலை மஞ்சளானதுமே அவள் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டாள்.

அப்போதுதான் தெற்கே, ஒரு பகல் முழுக்கக் காரோட்டிப் போகும் தூரத்திலிருந்த பெரிய ஆஸ்பத்திரியில் புது மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்க ஆள் எடுத்தார்கள். நானோ மருந்து. ஒரு தலைமுடியைக் குறுக்கே பல்லாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவு இருக்குமோ, மருந்தின் ஒரு துகள் அவ்வளவுதான். ஊசி வழியாக ரத்தத்தில் விட்டால் துகள்கள் கட்டியைத் தேடிப் போய்ச் சேரும். பிறகு ஓர் இயந்திரத்தை வைத்து நெஞ்சில் அந்த இடத்தை மட்டும் இதமாகச் சூடாக்குவார்கள். சூடு பட்டதும் துகள்கள் ஒன்றோடொன்று கைகோர்த்து வலையாகி, கட்டியை இறுக்கிக் கொன்றுவிடும். டாக்டர் சின்ன வயசுப் பெண், நல்லவள், எதையும் மறைக்கவில்லை. கட்டிக்குப் போகாத துகள்கள் ஈரலிலும் மண்ணீரலிலும் தங்கி மெதுவாகத்தான் வெளியேறும் என்றாள். சில துகள்கள் மூளைக்குள்ளும் நுழையலாம், அங்கே என்ன செய்யும் என்பதை இன்னும் யாரும் முழுதாகப் படிக்கவில்லை என்றாள். ஆர்வோ கையெழுத்துப் போட்டுவிட்டு, மூளைக்குள் போனால் அங்கே ஏகப்பட்ட காலி இடம் இருக்கும் என்று சொல்லி அவளைச் சிரிக்க வைத்தான்.

மருந்து வேலை செய்தது. அதில் சந்தேகமே இல்லை. முதல் பனி விழுந்தபோது ஆர்வோ கூரை மேல் ஏறி நின்று அதைத் தள்ளிக்கொண்டிருந்தான். இறைச்சியும் கிழங்கும் வைத்து மடித்த பேஸ்ட்டியை ஒரே மூச்சில் இரண்டு தின்றான். ராத்திரி இருமல் சத்தம் இல்லாமல் சைமாவுக்குத்தான் தூக்கம் பிடிக்கவில்லை. சந்தோஷத்தில் சும்மா விழித்துக் கிடந்தாள்.

ஒரே ஒரு கட்டுப்பாடுதான் இருந்தது. மிச்சத் துகள்கள் உடம்பைவிட்டுப் போகும்வரை உடம்பில் சூடு ஏறக் கூடாது. காய்ச்சல் வந்தால் உடனே கூப்பிட வேண்டும், வெந்நீர்த் தொட்டி கூடாது, மின்சாரப் போர்வை கூடாது. கட்டுப்பாட்டை மீறியவர்களுக்கு அடுத்த ஊசி கிடையாது. ஆர்வோவுக்கு இன்னும் ஓர் ஊசி பாக்கி, அதுதான் கட்டியின் வேரை அறுக்கும் ஊசி. தெற்கத்திக்காரர்கள் யாரும் சவுனாவைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்வானேன் என்று ஆர்வோ சைமாவைப் பார்த்தான், சைமா தன் கைப்பையைப் பார்த்தாள்.

"எங்கம்மா என்னைப் பெத்ததே அந்த சவுனாவுலதான். எங்கப்பா செத்தப்போ குளிப்பாட்டிப் பெட்டியில வச்சதும் அங்கதான்," என்றான் காரில் திரும்பும்போது. "அது சூடு இல்ல சைமா. அது குளியல்."

அவளுக்கும் அப்படித்தான் பட்டது. அந்தப் பக்கத்து பின்லாந்து வம்சாவளிக் குடும்பங்களில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். தொட்டில் முதல் பெட்டி வரை எல்லாவற்றையும் சவுனாவிலேயே முடித்துக்கொண்டவர்களுக்கு, அதை மின்சாரப் போர்வையோடு சேர்த்து ஒரே கணக்கில் வைக்கத் தோன்றவில்லை. ஆகவே சனிக்கிழமைதோறும் அடுப்பு மூட்டப்பட்டது. மூட்டியது சைமாதான்.

வாரா வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து டெனிஸ் என்ற நர்ஸ் போன் செய்வாள். பசி எப்படி, தூக்கம் எப்படி, உடம்பில் சூடு ஏறும்படி ஏதாவது செய்தாரா? இல்லை என்பாள் சைமா. முதல் தடவை சொன்ன கையோடு போனை வைத்துவிட்டாள். பிறகு பழகிவிட்டது.

வியர்க்காத முதுகைப் பார்த்த பிறகு அவள் கண் எல்லாவற்றையும் பார்க்கத் தொடங்கியது. பெஞ்சில் அவன் உட்காரும் இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பளபளப்பு, நத்தை போன தடம் மாதிரி. துடைத்தால் துணிக்கு வந்தது, துணியை அலசினால் போகவில்லை. அவன் துவட்டிய துண்டுகளைத் துவைத்து வெளியே கயிற்றில் போட்டாள். பனிக் காற்றில் ஈரத்துணி பலகையாக விறைக்கும், வீட்டுக்குள் கொண்டுவந்தால் தளரும். அவள் பார்க்காத குளிர்காலமா? இந்தத் துண்டுகள் கயிற்றில் துவண்டு தொங்கின. கணப்படுப்புப் பக்கத்தில் வைத்ததும் மெல்ல நிமிர்ந்து, விறைத்து, யாரோ பிடித்திருப்பது போல நின்றன. சைமா அவற்றைச் சுருட்டி, அவன் கண்ணில் படாமல் கொல்லைக் கொட்டகையில் எறிந்துவிட்டாள்.

ஆர்வோவுக்குக் குளிரெடுக்க ஆரம்பித்தது. கம்பளிச் சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு சமையலறையில் உலவினான். சனிக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியாது என்று செவ்வாயன்று சவுனா கேட்டான், பிறகு தினமும் கேட்டான். அவள் மூட்டிக் கொடுத்தாள், கூடவே போய் உட்கார்ந்தாள். தனியாக விட மனசில்லை. உள்ளே அவன் பேச்சு குறைந்துவந்தது. கையை முழங்கால் மேல் வைத்தால் வைத்தபடி, கண்ணைத் திறந்தால் திறந்தபடி. அவள்தான் பேசுவாள். கற்களின் சீறல் ஓய்ந்ததும் அந்தச் சர்க்கரை சரியும் ஓசை, இப்போது காதைத் தீட்டாமலே கேட்டது. அவன் விலாவுக்குள்ளிருந்து. வெளியே வந்து பனியில் நின்றதும்தான் அவன் உடம்பு தளர்ந்து பழையபடி மனிதனாவான்.

ஒரு மத்தியானம் சூப்புக் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்து தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன என்று கேட்டாள்.

"சூட்டுல எல்லாம் அடங்கி உட்கார்ந்துருது," என்றான். "குளிர்லதான் சுத்துது."

"எது சுத்துது?"

"எங்கன்னு என்னால பிடிக்க முடியல, சைமா. காலைல முழங்கால்ல இருந்துச்சு. இப்ப கண்ணுக்குப் பின்னால." அவன் சிரிக்கப் பார்த்தான். "வலி இல்ல. வலிச்சா பரவால்லையே. ஊர்ற மாதிரி இருக்கு, அவ்வளவுதான். நெருப்புக்குப் பக்கத்துல போ, போன்னு சொல்ற மாதிரி இருக்கு."

அவள் அவன் கையைப் பிடித்தாள். அலமாரியிலிருந்து எடுத்த கரண்டி போலச் சில்லென்றிருந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது, அதைவிட அதிகமாக வெட்கமாக இருந்தது. ஒவ்வொரு வாரமும் போனில் இல்லை என்று சொன்னது அவள் வாய்தானே. கடைசி ஊசி போனால் போகட்டும், ஆள் மிஞ்சினால் போதும் என்று அந்த நிமிஷம் முடிவு செய்தாள்.

அவன் சோபாவில் கண்ணயர்ந்ததும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு டெனிஸைக் கூப்பிட்டாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மத்தியானம் சாய்ந்ததுமே இருட்டிவிடும் காலம், ஜன்னல் நீலமாகிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சொன்னாள். துண்டு விறைத்ததைச் சொன்னாள், அந்த ஓசையைச் சொன்னாள். மறுமுனையில் டெனிஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவளைப் போனிலேயே அரைமணி நேரம் காக்க வைத்து, யாரிடமோ பேசிவிட்டு வந்தாள்.

"மிஸஸ் கோஸ்கி, ஆம்புலன்ஸ் சொல்லியாச்சு. ரோட்டுல பனி அதிகம், வர நேரமாகும். அதுவரைக்கும் அவரைக் குளிர்லயே வைங்க. ஜன்னலைத் திறந்து விடுங்க. நடுங்கினாலும் பரவாயில்ல, சூடு மட்டும் படக் கூடாது."

"சரி."

"ஒண்ணு கேக்கணும். நீங்களும் அவரோட உள்ள உட்காருவீங்களா?"

"எங்க ஊர்ல யாரையும் தனியா விட மாட்டாங்க."

"அதே ஆவியிலயா? அதைத்தான் மூச்சா இழுத்தீங்களா?"

சைமாவுக்கு அன்று காலை ஞாபகம் வந்தது. வெந்நீரில் பாத்திரம் கழுவியபோது விரல்கள் தட்டைப் பிடித்தபடியே நின்றுவிட்டன. மூட்டுவலி என்று நினைத்து உதறிவிட்டிருந்தாள்.

"மிஸஸ் கோஸ்கி? நீங்களும் சூட்டுப் பக்கம் போகாதீங்க. கேக்குதா?"

கேட்டது. ஆனால் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொல்லைக்கோடியில் சவுனாவின் புகைபோக்கியிலிருந்து புகை நேராக, தடிமனாக எழுந்துகொண்டிருந்தது. சமையலறைக் கதவைத் திறந்தாள், சோபா காலியாக இருந்தது. பின்கதவிலிருந்து பனியில் வெறுங்கால் தடங்கள் போயின.

கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள். பனி முழங்கால்வரை இழுத்தது. மூச்சு குத்தியது. சவுனாவின் முன்னறையில் உடைகளை மாட்டும் ஆணிகளுக்குக் கீழே அடுப்பின் வாய் இருந்தது, அங்கிருந்துதான் விறகு போடுவார்கள். திறந்தாள். தொண்டைவரை விறகு. எல்லாம் பற்றி எரிந்துகொண்டிருந்தது. வாளி வாளியாகப் பனியை அள்ளிவந்து உள்ளே கொட்டினாள். அடுப்பு கத்தியது, கரும்புகை கண்ணை எரித்தது, தணல் பாதி அவிந்தது. ஆனால் கற்கள் அவியாது. ஒரு முறை காய்ந்த கல் ராத்திரிவரை சூட்டை வைத்திருக்கும், அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

போகாதே என்று டெனிஸ் சொன்னது காதில் இருந்தது. உள்ளே இருந்தது ஆர்வோ. நாலு எட்டு வைத்தால் பிடித்து இழுத்துவந்துவிடலாம். உள்கதவைத் திறந்து, அது மூடாமலிருக்க வாளியை இடையில் தள்ளிவிட்டு, நுழைந்தாள்.

சூடு முகத்தில் அறைந்தது.

மேல் படியில் அவன் உட்கார்ந்திருந்தான். முதுகு நேராக. கைகள் முழங்காலில். மங்கலான பல்பின் கீழே அவன் தோல் ஈயப் பாத்திரத்தின் நிறத்தில் இருந்தது. தோளிலிருந்து சுவர்ப்பலகைவரைக்கும், தொடையிலிருந்து பெஞ்சுவரைக்கும், முடியைவிட மெல்லிய இழைகள். நூறு நூறாக. வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் தெரிந்தன, மின்னின, மறைந்தன.

"ஆர்வோ."

கண்கள் அவளை நோக்கி நகர்ந்தன. கண்கள் மட்டும். அவன் உள்ளே இருந்தான். முழுசாக, விழிப்பாக, உள்ளே இருந்தான்.

அவள் அழுதாள். அழுதுகொண்டே படியேறி அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. மீண்டும் இழுத்தாள். ஆர்வோவின் கண்கள் கதவைப் பார்த்தன, அவளைப் பார்த்தன, கதவைப் பார்த்தன. போ என்கிறான். போய்விடு என்கிறான். சரி, வெளியே போய் இன்னும் பனி அள்ளிவரலாம் என்று கையை எடுத்தாள்.

கை வரவில்லை.

விரல்கள் அவன் மணிக்கட்டைச் சுற்றி மூடியிருந்தன. திற என்றாள் விரல்களிடம். திறக்கவில்லை. முழங்கை பூட்டிக்கொண்டது. தோள். கால் மடிந்து, அவன் பக்கத்தில், பெஞ்சில், உட்கார்ந்தபடி விழுந்தாள். எழ முடியவில்லை. வலிக்கவே இல்லை. வாயைத் திறந்தாள், தாடை பாதியில் நின்றது. நாக்கு பலகையாகக் கிடந்தது. கண்ணிலிருந்து கன்னத்துக்கு வந்த நீர் பாதி வழியில் நின்றுவிட்டதை உணர்ந்தாள்.

பயப்படாதே, சைமா. கதவு திறந்திருக்கிறது. காலில் குளிர்காற்று படுகிறது. அடுப்பு அவிந்துகொண்டிருக்கிறது. கல் ஆறும். ஆறினால் தளரும். ஆம்புலன்ஸ் வரும். சுண்டுவிரல் கொஞ்சம் அசைந்தது. ஆமாம், அசைந்தது. காற்று வரும் பக்கத்துச் சுண்டுவிரல். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் போதும்.

வெளியே இயந்திரம் உறுமியது. மஞ்சள் விளக்கு ஜன்னலில் சுழன்றது. பனி தள்ளும் வண்டி. பக்கத்துப் பண்ணைக்காரன் கென்னி, பனி விழுந்தால் சொல்லாமலே வந்து அவர்கள் வாசலைச் சுத்தம் செய்துவிட்டுப் போகிறவன். கைமாறாக அவனுக்கு அந்த வீட்டில் எப்போதும் சவுனா உண்டு. இயந்திரம் நின்றது. பூட்ஸ் பனியை உதறியது. முன்னறைக் கதவு திறந்தது.

கென்னி. கென்னி, இங்கே பார்.

உள்கதவின் இடுக்கில் அவன் முகம் தெரிந்தது. குளிரில் சிவந்த, நல்ல முகம். அவள் போட்டிருந்த கோட்டுகூடத் தெரியாத ஆவிக்கு நடுவே மேல் பெஞ்சில் கிழவனும் கிழவியும் கைகோர்த்து உட்கார்ந்திருப்பதை ஒரு கணம் பார்த்தான். சவுனாவில் இருப்பவர்களை உற்றுப் பார்ப்பது அந்த ஊரில் மரியாதையில்லை. வெட்கத்தோடு சிரித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க. வாசல் பனியைத் தள்ளியாச்சு. நீங்க நிதானமா இருங்க, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

வாளியைக் காலால் ஓரமாக நகர்த்தினான். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான். காலில் பட்டுக்கொண்டிருந்த காற்று நின்றது.

"என்ன ஆர்வோ, அடுப்பு அணையப் போகுதே," என்று கதவுக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது. "இருங்க, எழுந்திரிக்காதீங்க. நான் பார்த்துக்கிறேன்."

இரும்புக் கதவு திறந்தது. ஈரச் சாம்பலைக் கிண்டினான். சுள்ளிகள் முறிந்தன. பிர்ச் பட்டை பற்றிக்கொள்ளும் சடசடப்பு. ஒரு கட்டை. இன்னொரு கட்டை. காத்திருக்கிறவன் அடுப்பைப் பார்த்துக்கொள்வதுதான் அங்கே முறை, கென்னி முறை தெரிந்தவன். கற்கள் டிக் டிக்கென்று முனக ஆரம்பித்தன. ஆர்வோவின் கண்ணிமையின் ஓரத்திலிருந்து ஓர் இழை புறப்பட்டு, சூட்டில் மிதந்து, சைமாவின் திறந்த கண்ணை நோக்கி நிதானமாக வந்துகொண்டிருந்தது. அவளால் இமைக்க முடியவில்லை. முன்னறையில் கென்னி பூட்ஸைக் கழற்றிவிட்டு, விசிலடித்துக்கொண்டே பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தான். அவர்கள் குளித்துவிட்டு வரும்வரை காத்திருப்பதில் அவனுக்கு ஒரு சிரமமும் இல்லை.